வைட்டமின் பி12 குறைபாடு: சந்தேகம் முதல் சிகிச்சை வரை முழுமையான வழிகாட்டி

காலில் எரிச்சல், கை மரத்துப்போகிறது, எந்நேரமும் அசதி என்று சொன்னால் நம் ஊரில் சட்டென்று கிடைப்பது ஒரு 'நரம்பு ஊசி'. இல்லையென்றால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஒரு சத்து மாத்திரை. இரண்டிலும் பெரும்பாலும் வைட்டமின் பி12 இருக்கும். ஆனால் உடம்பில் பி12 நிஜமாகவே குறைந்திருக்கிறதா, குறைந்திருந்தால் ஏன் குறைந்தது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சில வாரம் தெம்பாக இருக்கும், மாத்திரை தீர்ந்ததும் விட்டுவிடுவோம், சில மாதத்தில் அதே எரிச்சல் திரும்பி வரும்.

பி12 விஷயத்தில் வரிசை முக்கியம். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு மாத்திரை. காரணம் தெரிந்த பிறகுதான் எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்ற முடிவு. இந்த வரிசை தலைகீழானால் நோய் மறைந்து நின்றுகொண்டு நரம்பைத் தின்னும். அதனால் இந்த வழிகாட்டியையும் அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில், இது உடம்பில் என்ன செய்கிறது

பி12 செய்யும் வேலைகள் எண்ணிக்கையில் இரண்டே இரண்டு. மனித உடலில் இரண்டு நொதிகள்தான் இதை நம்பி இருக்கின்றன. ஒன்று, ஹோமோசிஸ்டைன் என்ற பொருளை மெத்தியோனைன் ஆக மாற்றும் நொதி. இந்த வேலை நடக்கும்போதுதான் ஃபோலிக் அமிலமும் பயன்படும் வடிவத்துக்கு வருகிறது. டி.என்.ஏ. உருவாக ஃபோலிக் அமிலம் வேண்டும். எனவே பி12 இல்லாவிட்டால் எலும்பு மஜ்ஜையில் வேகமாகப் பெருகும் ரத்த அணுக்கள் சரியாகப் பிரிய முடியாமல், பெரிதாக வீங்கி, பலவும் வெளியே வருவதற்கு முன்பே அழிந்துபோகின்றன. ரத்தச்சோகை வருவது இப்படித்தான்.

இரண்டாவது நொதி, சில கொழுப்பு அமிலங்களையும் அமினோ அமிலங்களையும் உடைக்கும் பாதையில் இருக்கிறது. அது நின்றால் மெத்தில்மலோனிக் அமிலம் சேரும். நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறை பி12 குறையும்போது சிதைகிறது. முதுகுத்தண்டின் பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும் ஓடும் நரம்புக் கற்றைகள்தான் அதிகம் பாதிக்கப்படும்.

ரத்தமும் நரம்பும் ஒரே நேரத்தில் கெட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஹீமோகுளோபின் நன்றாக இருந்தும் நரம்பு மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். "ரத்தம் நல்லாத்தான் இருக்கு, அப்போ பி12 பிரச்சினை இருக்காது" என்ற முடிவு அதனால்தான் தவறு.

எங்கிருந்து வருகிறது, எப்படி உள்ளே போகிறது

பி12-ஐ எந்தச் செடியும் செய்வதில்லை, எந்த விலங்கும் செய்வதில்லை. சில நுண்ணுயிரிகள் மட்டுமே செய்கின்றன. மாட்டின் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிரிகள் உண்டாக்குவது அதன் இறைச்சிக்கும் பாலுக்கும் வந்து சேர்கிறது. மீனுக்குக் கடல் உணவுச் சங்கிலி வழியாக வருகிறது.

நம் பெருங்குடலிலும் பி12 செய்யும் பாக்டீரியாக்கள் ஏராளம். ஆனால் உறிஞ்சப்படும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. உற்பத்தி அதைத் தாண்டிக் கீழே நடப்பதால் நமக்குப் பயன் இல்லை. இங்கே நம் மண்ணுக்குச் சொந்தமான ஒரு கண்டுபிடிப்பு உண்டு. வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த ஆல்பர்ட், மாதன், பேக்கர் ஆகியோர் 1980-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலிலேயே சில பாக்டீரியாக்கள் பி12 செய்கின்றன என்று காட்டினார்கள். காலங்காலமாக மரக்கறி மட்டும் சாப்பிட்டு வந்தவர்களில் சிலர் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதற்கு இது ஒரு பகுதி விளக்கமாக இருக்கலாம். ஆனால் அதை நம்பி யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது. இந்தியாவில் சைவ உணவுக்காரர்களிடையே பி12 குறைபாடு மிகப் பரவலாக இருக்கிறது.

உறிஞ்சும் வழி சற்றுச் சிக்கலானது, ஆனால் அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். உணவில் பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும். இரைப்பை அமிலமும் பெப்சினும் அதைப் பிரித்தெடுக்கும். இரைப்பைச் சுவரின் சில செல்கள் 'உள்ளார்ந்த காரணி' என்ற புரதத்தைச் சுரக்கின்றன. பி12 அதோடு சேர்ந்துதான் சிறுகுடலின் கடைசிவரை போய் உள்ளே நுழைகிறது. இந்த வாசலில் ஒரு வேளைக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோகிராம்தான் நுழைய முடியும். இது தவிர, எந்தத் துணையும் இல்லாமல் தானாகக் கசிந்து உள்ளே போவது சுமார் 1 சதவீதம். 1000 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிட்டால் அந்தக் கசிவிலேயே 10 மைக்ரோகிராம் கிடைத்துவிடும். பெரியவர்களின் ஒரு நாள் தேவை இரண்டரை மைக்ரோகிராமை ஒட்டியது. உள்ளார்ந்த காரணி அறவே இல்லாதவர்களுக்குக்கூடப் பெரிய அளவு மாத்திரை வேலை செய்வது இதனால்தான்.

கல்லீரலில் 2 முதல் 5 மில்லிகிராம் வரை பி12 சேமிப்பில் இருக்கும். வரத்து நின்றாலும் இந்தச் சேமிப்பு சில ஆண்டுகளுக்கு ஓடும். "மூணு வருஷமா பால்கூட விட்டாச்சு, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்பவர் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

படி 1: நீங்கள் ஆபத்துள்ள பட்டியலில் இருக்கிறீர்களா

சைவ உணவுக்காரர்கள் முதலில். பால், தயிர் சாப்பிட்டாலும் இந்தப் பட்டியலில் இருந்து விலக்கு இல்லை. பாலும் விட்ட வீகன்கள் மாத்திரை எடுக்காமல் இருக்கவே கூடாது.

அடுத்து, மெட்ஃபார்மின் சாப்பிடும் நீரிழிவு நோயாளிகள். தமிழ்நாட்டில் இந்தக் கூட்டம் எவ்வளவு பெரியது என்பது உங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டையும் பார்த்தாலே தெரியும். மெட்ஃபார்மின் சிறுகுடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. அளவு கூடக்கூட, ஆண்டுகள் கூடக்கூட ஆபத்தும் கூடும். அமெரிக்க நீரிழிவு சங்கம் இவர்களுக்கு அவ்வப்போது பி12 பார்க்கச் சொல்கிறது. பெரிய சங்கடம் என்னவென்றால், நீரிழிவால் வரும் நரம்புப் பாதிப்பும் பி12 குறைவால் வரும் நரம்புப் பாதிப்பும் ஒரே மாதிரி இருக்கும்: பாதத்தில் எரிச்சல், மரப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு. சர்க்கரையால் வந்தது என்று நினைத்துப் பல ஆண்டு விட்டுவிட்டால், சரிசெய்யக்கூடிய ஒரு நோய் சரிசெய்ய முடியாததாகிவிடும். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அது நல்ல மருந்து. பி12-ஐச் சேர்த்துக்கொண்டாலே போதும்.

மூன்றாவது, வயிற்று எரிச்சலுக்கு ஓமெப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்கள். அமிலம் குறைந்தால் உணவிலிருந்து பி12 பிரியாது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு 'கேஸ் மாத்திரை' என்பது பலருக்குப் பல் துலக்குவது போன்ற பழக்கமாகிவிட்டது. எதற்காகத் தொடங்கினோம் என்பதே மறந்திருக்கும். மெட்ஃபார்மினும் இதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

வயது 60-ஐத் தாண்டியவர்கள், இரைப்பையிலோ சிறுகுடலின் கடைசிப் பகுதியிலோ அறுவை செய்தவர்கள், எடைக் குறைப்பு அறுவை செய்தவர்கள், கிரோன் நோய், ஸ்ப்ரூ போன்ற குடல் நோய் உள்ளவர்கள், தைராய்டு அல்லது வெண்புள்ளி போன்ற தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்கள் ஆகியோரும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னவர்களுக்கு இரைப்பைச் செல்களையே உடல் தாக்கும் 'பெர்னீஷியஸ் அனீமியா' வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

படி 2: உடம்பு சொல்லும் அறிகுறிகள்

அசதி, மூச்சு வாங்குதல், படபடப்பு எல்லாம் எந்த ரத்தச்சோகைக்கும் பொது. பி12-க்கே உரிய சாயல் உள்ளவற்றைச் சொல்கிறேன்.

கால்களில் தொடங்கி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும் மரப்பு, ஊசி குத்தல். இருட்டில் நடக்கும்போது தடுமாற்றம். சோப்புப் போட்டு முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு சாய்வது. கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போகாததால், கண்ணை நம்பியே நிற்க வேண்டியதாகிறது. செருப்பு நழுவிப் போனதே தெரியவில்லை என்று சொல்பவர்கள் உண்டு.

நாக்கு சிவந்து, வழவழப்பாகி, காரம் பட்டால் எரியும். வாய்ப்புண் அடிக்கடி வரும். கண்ணில் லேசான மஞ்சள் தெரியலாம், ஏனெனில் மஜ்ஜையிலேயே அணுக்கள் உடைகின்றன.

நம் தோல் நிறம் கொண்டவர்களிடம் பார்க்க வேண்டிய ஓர் அடையாளம் விரல் கணு. கை விரல்களின் மேல்பக்கக் கணுக்கள், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவை கருத்துப்போகும். இதுவும் வேலூரில் கவனிக்கப்பட்ட விஷயம்தான். பேக்கரும் சகாக்களும் 1963-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதை பி12 குறைபாட்டின் அடையாளமாக எழுதினார்கள். பி12 கொடுத்ததும் அந்தக் கருமை மெல்ல மறையும். வீட்டில் பெரியவர்களின் கையை ஒருதடவை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள், செலவே இல்லாத சோதனை.

அப்புறம் மனம். மறதி, எரிச்சல், சோர்வு, சில வேளை இல்லாததைக் கேட்பது, சந்தேகப்படுவது. வயதானவர்களுக்கு "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவதில் எனக்குச் சம்மதமே இல்லை. மறதிக்கு மருத்துவரிடம் போனால் பார்க்க வேண்டிய அடிப்படைப் பரிசோதனைகளில் பி12-ம் தைராய்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.

படி 3: பரிசோதனை

மாத்திரையோ ஊசியோ போடுவதற்கு முன்பே ரத்தம் கொடுங்கள். ஓர் ஊசி போட்ட பிறகு எடுத்தால் அளவு எகிறிக் காட்டும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஏற்கெனவே பி காம்ப்ளெக்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேட்பதற்கும் தயங்க வேண்டாம். "டாக்டர், அப்பா பத்து வருஷமா மெட்ஃபார்மின் சாப்பிடுறார், பி12 பார்த்ததே இல்லை, ஒருதடவை பார்த்துடலாமா?" என்று கேட்டால் எந்த மருத்துவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

முதலில் முழு ரத்த எண்ணிக்கை. அதில் ஹீமோகுளோபினோடு எம்.சி.வி. என்ற எண்ணையும் பாருங்கள். அது சிவப்பணுவின் சராசரி அளவு. 80 முதல் 100 வரை வழக்கமானது. 100-ஐத் தாண்டினால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவு இருக்கலாம். மது, கல்லீரல் நோய், தைராய்டு குறைவு போன்ற வேறு காரணங்களும் உண்டு.

நம் ஊரில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவு அணுவைச் சிறிதாக்கும், பி12 குறைவு பெரிதாக்கும். இரண்டும் சேர்ந்து இருந்தால் சராசரி 88, 90 என்று நல்ல பிள்ளையாகக் காட்டும். நம் பெண்களிடம் இரும்புக் குறைவு எவ்வளவு அதிகம் என்று தெரியும்தானே. ஆகவே எம்.சி.வி. சரியாக இருப்பதை வைத்து மட்டும் பி12-ஐத் தள்ளிவிடக் கூடாது. அதே தாளில் ஆர்.டி.டபிள்யூ. என்ற எண் கூடியிருந்தால், சிறிதும் பெரிதுமான அணுக்கள் கலந்திருக்கின்றன என்று அர்த்தம்.

அடுத்து ரத்தத்தில் பி12 அளவு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எல்லை சற்று மாறும். பொதுவாக மில்லிலிட்டருக்கு 200 பைகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேகப் பகுதி. 300-க்கு மேல் என்றால் பெரும்பாலும் குறைபாடு இல்லை. சில ஆய்வகங்கள் லிட்டருக்கு இத்தனை பைகோமோல் என்ற கணக்கில் தரும், அதில் 148 என்பது இங்கே 200-க்குச் சமம். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படித்துக் குழம்புவது அடிக்கடி நடக்கிறது.

சந்தேகப் பகுதியில் இருந்தால் மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டைன் என்ற இரண்டையும் பார்க்கலாம். பி12 குறைந்தால் இரண்டும் கூடும். ஹோமோசிஸ்டைன் ஃபோலிக் அமிலம் குறைந்தாலும் கூடும், எனவே முன்னதே துல்லியம். ஆனால் அதற்கு விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. என் கருத்து இதுதான்: ஆபத்துப் பட்டியலில் இருப்பவர், அறிகுறியும் இருக்கிறது, அளவு 240 என்றால், விலையுயர்ந்த பரிசோதனைக்காகக் காத்திருப்பதைவிட மருத்துவரிடம் பேசிச் சிகிச்சையைத் தொடங்கிவிடுவது நல்லது. பி12 மலிவானது, ஆபத்தற்றது. தாமதத்தின் விலைதான் பெரிது.

படி 4: ஏன் குறைந்தது

இந்தப் படியைத்தான் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். உணவில் வரத்து இல்லையா, அல்லது வந்தும் உறிஞ்சப்படவில்லையா என்ற ஒரே கேள்விதான். சுத்த சைவராக இருந்து, வேறு நோய் இல்லாமல், அளவு குறைந்திருந்தால் காரணம் உணவு. மீனும் ஆட்டுக்கறியும் வாராவாரம் சாப்பிடுபவருக்கு 120 என்று வந்தால் கதை வேறு. அவருடைய மருந்துச் சீட்டைப் பாருங்கள், பழைய அறுவைகளைக் கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் உள்ளார்ந்த காரணிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கலாம், தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி. பெர்னீஷியஸ் அனீமியா உறுதியானால் சிகிச்சை ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும்.

இந்த நோய் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட நிச்சய மரணம். 1926-இல் பாஸ்டனில் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு மருத்துவர்கள் தினமும் நிறைய ஈரல் சாப்பிடக் கொடுத்து நோயாளிகளைப் பிழைக்க வைத்தார்கள். விப்பிள் என்ற இன்னோர் ஆய்வாளரோடு சேர்த்து இவர்களுக்கு 1934-இல் நோபல் பரிசு. ஈரலில் இருந்த அந்தப் பொருள் 1948-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தனித்தனியே சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் உள்ளமைப்பை டாரதி ஹாட்ஜ்கின் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் எக்ஸ் கதிர் கொண்டு 1956-இல் கண்டறிந்தார். நடுவில் கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கும் பெரிய மூலக்கூறு அது. 'கோபாலமின்' என்ற பெயர் அதனால்தான்.

படி 5: சிகிச்சை

நரம்பு அறிகுறி இருந்தால், ரத்தச்சோகை கடுமையாக இருந்தால், வாந்தியோ உறிஞ்சும் கோளாறோ இருந்தால் ஊசியில் தொடங்குவதுதான் வழக்கம். தசையில் போடும் 1000 மைக்ரோகிராம் ஊசி முதலில் தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று என்று இடைவெளி கூட்டப்படும். சரியான அட்டவணையை மருத்துவர் முடிவுசெய்வார். நான்கு ஊசி போட்டு எரிச்சல் குறைந்ததும் பாதியில் நிறுத்துவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு.

நரம்பு அறிகுறி இல்லாமல், உணவால் மட்டும் குறைந்திருந்தால் தினமும் 1000 மைக்ரோகிராம் மாத்திரை பெரும்பாலானவர்களுக்குப் போதும். மேலே சொன்ன 1 சதவீதக் கசிவுக் கணக்கை நினைவில் வையுங்கள்.

கடையில் சயனோகோபாலமின், மெத்தில்கோபாலமின், ஹைட்ராக்சோகோபாலமின் என்று மூன்று வகை கிடைக்கும். நம் நாட்டில் மெத்தில்கோபாலமின்தான் அதிகம் எழுதப்படுகிறது. உடலுக்குள் போன பிறகு எதுவும் தேவையான வடிவத்துக்கு மாறிக்கொள்ளும். ஒன்று இயற்கையானது, மற்றது நஞ்சு என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. சயனோகோபாலமினில் இருக்கும் சயனைடு அளவு உடல் எளிதாக வெளியேற்றக்கூடிய மிகச் சிறு துளி. லெபர் என்ற அபூர்வமான பரம்பரைக் கண்நரம்பு நோய் உள்ளவர்கள் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும்.

வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படியுங்கள். மெத்தில்கோபாலமினோடு பிரிகாபலின் சேர்ந்த மாத்திரைகள் நிறைய உண்டு. பிரிகாபலின் நரம்பு வலிக்கான மருந்து. தூக்கமும் தலைச்சுற்றலும் தரும், வயதானவர்கள் விழுந்துவிடலாம். மருத்துவர் எழுதாமல் அதை வாங்காதீர்கள். இன்னொன்று பி6. பல 'நரம்பு மாத்திரை'களில் இது 100 மில்லிகிராம் வரை இருக்கும். அதிக அளவு பி6-ஐ நெடுநாள் சாப்பிட்டால் அதுவே நரம்பைப் பாதித்து மரப்பை உண்டாக்கும். எந்த நோய்க்குச் சாப்பிடுகிறோமோ அதையே கொண்டுவரும் மருந்தை ஆண்டுக்கணக்கில் விழுங்குவது கொடுமை. பி12 மட்டும் உள்ள மாத்திரை கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கை: பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிக அளவில் சாப்பிடாதீர்கள். ரத்தம் ஏறிவிடும், அறிக்கை அழகாக இருக்கும், ஆனால் நரம்புப் பாதிப்பு உள்ளே தொடரும். இரண்டும் குறைந்திருந்தால் பி12-ஐ முதலில் கொடுத்து, பிறகு ஃபோலிக் அமிலத்தைச் சேர்ப்பார்கள்.

எப்போது குணம் தெரியும்? ஒரு வாரத்தில் மஜ்ஜை விழித்துக்கொண்டு புது அணுக்களை அனுப்பும். பசியும் தெம்பும் அதற்குள்ளேயே திரும்பும். ஹீமோகுளோபின் சரியாகச் சுமார் 8 வாரம். நரம்பு மெதுவானது. சில வாரங்களில் தொடங்கி ஆறு மாதம், ஓராண்டு வரைகூட முன்னேற்றம் நடக்கும். ஆரம்பத்தில் எரிச்சல் கொஞ்சம் கூடுவதுபோல் சிலருக்குத் தோன்றும், பயந்து நிறுத்தாதீர்கள். நெடுநாள் கவனிக்காமல் விட்ட பாதிப்பு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். மிகக் கடுமையான ரத்தச்சோகையில் சிகிச்சை தொடங்கிய முதல் நாட்களில் பொட்டாசியம் குறைய வாய்ப்பு உண்டு என்பதால் அவர்களை மருத்துவமனையில் வைத்தே பார்ப்பது நல்லது.

படி 6: சாப்பாட்டில் எது உதவும், எது உதவாது

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மிகச் சிறந்தது ஈரல். ஆட்டு ஈரல் 50 கிராம் சாப்பிட்டாலே பல நாள் தேவைக்கு மேல் இருக்கும். கர்ப்பிணிகள் மட்டும் வைட்டமின் ஏ மிகுதியால் ஈரலைத் தவிர்க்க வேண்டும். அடுத்து மத்தி என்கிற சாளை, அயிலை போன்ற மீன்கள். 100 கிராமில் ஏழெட்டு மைக்ரோகிராம் வரை கிடைக்கும். விலையும் குறைவு. வஞ்சிரம்தான் சத்து என்று நினைத்துச் சாளையைத் தாழ்வாகப் பார்ப்பதை நாம் விட வேண்டும். ஆட்டுக்கறியில் 100 கிராமுக்கு இரண்டரையை ஒட்டி இருக்கும். பலருக்கு ஆச்சரியம் தருவது கோழி: அதில் அரை மைக்ரோகிராம்கூட இருக்காது. "நாங்க நான்வெஜ்தான்" என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோழி சாப்பிடும் வீடுகளில் பி12 குறைவது இதனால்தான்.

ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம், பெரும்பாலும் மஞ்சள் கருவில். அதிலும் உடம்பு உறிஞ்சுவது சிறு பங்குதான். வெள்ளைக் கரு மட்டும் சாப்பிடுபவர்களுக்கு முட்டையால் பி12 கிடைப்பதில்லை.

பால்தான் சைவர்களின் ஒரே பெரிய வழி. ஒரு டம்ளர், அதாவது 250 மில்லியில், ஒரு மைக்ரோகிராமை ஒட்டி இருக்கும், நன்றாக உறிஞ்சவும் படும். நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் கணிசமான பங்கு அழிந்துவிடும். பொங்கியதும் இறக்கிவிடுங்கள், திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். தேவை முழுவதையும் பாலில் பெற வேண்டுமானால் நாளுக்கு இரண்டு மூன்று டம்ளர் குடிக்க வேண்டும். டீயில் ஊற்றும் பாலும் நீர்மோரும் அந்தக் கணக்குக்கு வராது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் போக மிச்சம்தான் அம்மாக்களுக்கு என்பதையும் சேர்த்து யோசித்தால், யாருக்கு முதலில் குறையும் என்று தெரிந்துவிடும்.

உதவாதவற்றையும் சொல்ல வேண்டும். பழைய சோறு, இட்லி மாவு, ஊறுகாய் ஆகியவை புளிப்பதால் பி12 நிறைய உண்டாகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பி12 செய்வதில்லை. நம்பத்தக்க அளவு அதில் கிடையாது. பழைய சோறு வயிற்றுக்கு இதம், சாப்பிடுங்கள், ஆனால் பி12-க்காக அல்ல. முருங்கைக்கீரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உண்டு, பி12 கிடையாது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் போலி பி12. பரிசோதனையில் பி12 போலவே தெரியும், உடலில் வேலை செய்யாது.

ரேஷனில் வந்த செறிவூட்டப்பட்ட அரிசி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் சேர்க்கப்பட்டன. பி12-க்கு அரசு வகுத்த அளவு கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம். நாளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் 0.3 மைக்ரோகிராம் கிடைக்கும், தேவையில் எட்டில் ஒரு பங்கு. பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து அந்த மணிகளைப் பொறுக்கி எறிய வேண்டாம். அது அரிசி மாவில் சத்து கலந்து மணியாகச் செய்தது. அதே சமயம் அதுவே போதும் என்றும் இருந்துவிட வேண்டாம்.

படி 7: குறையாமல் பார்த்துக்கொள்ளும் அளவு

சைவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது: மாத்திரை எடுங்கள். அது உங்கள் உணவு முறைக்கு இழுக்கு இல்லை. மாத்திரையில் இருப்பது பாக்டீரியாவை வளர்த்து எடுத்த பி12, விலங்கிலிருந்து எடுத்தது அல்ல. காப்ஸ்யூலின் உறை மட்டும் ஜெலட்டினாக இருக்கலாம், மாத்திரையாக வாங்கினால் அந்தக் கவலை இல்லை. பிரிட்டனின் வீகன் சங்கம் சொல்லும் அளவு எளிது: தினமும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம். நம் கடைகளில் சிறிய அளவு தனியாகக் கிடைப்பது அரிது என்பதால், 1000 மைக்ரோகிராம் மாத்திரையை வாரம் இரண்டு முறை, செவ்வாய் வெள்ளி என்று நாள் குறித்துச் சாப்பிடுவது வசதி. இது குறைபாடு இல்லாதவர்களுக்கான தடுப்பு அளவு. ஏற்கெனவே குறைந்திருப்பவர்கள் முதலில் சிகிச்சை அளவில் நிரப்ப வேண்டும்.

சாதாரண பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளில் பி12 பெரும்பாலும் சில மைக்ரோகிராம்தான். தினமும் மறக்காமல் சாப்பிட்டால் தடுப்புக்கு உதவும், சிகிச்சைக்குக் காணாது.

கர்ப்பிணிகள், பச்சிளம் குழந்தைகள்

அரசு தரும் இரும்பு மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலம் இருக்கும், பி12 இருக்காது. சைவ உணவு சாப்பிடும் கர்ப்பிணி அதை மட்டும் சாப்பிட்டால் போதாது. முதல் பரிசோதனையிலேயே பி12 பற்றிக் கேட்க வேண்டும். புனேயில் யாஜ்னிக் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தில் பி12 குறைவாகவும் ஃபோலிக் அமிலம் அதிகமாகவும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாகக் கட்டுப்படாத நிலை, அதிகமாக இருப்பதாகக் கண்டார்கள். ஃபோலிக் அமிலத்தை நிறுத்தக் கூடாது, கருவின் முதுகுத்தண்டு சரியாக உருவாக அது வேண்டும். அதோடு பி12-ஐயும் சேர்க்க வேண்டும்.

தாய்க்குக் குறைவாக இருந்தால் தாய்ப்பாலிலும் குறையும். பிறக்கும்போது நன்றாக இருந்த குழந்தை நாலைந்து மாதத்துக்குப் பிறகு மந்தமாகும், சிரிப்பதை நிறுத்தும், தலை நிற்பது தளரும், முடி மெலிந்து செம்பட்டையாகும், விரல் கணு கருக்கும், கை கால் நடுங்கும். கற்றதை மறக்கும் குழந்தையை "மெதுவா வரும்" என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் பி12 கொடுத்தால் சில நாட்களிலேயே முகம் தெளிந்துவிடும். தாமதித்தால் மூளை வளர்ச்சியில் குறை தங்கிவிடலாம். தாய்க்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும்.

படி 8: பின்தொடர்தல்

சிகிச்சை தொடங்கி இரண்டு மாதத்தில் ரத்த எண்ணிக்கையை மறுபடி பாருங்கள். ஹீமோகுளோபின் பாதியில் நின்றுவிட்டால் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும், ஏனெனில் புது அணுக்கள் வேகமாக உருவாகும்போது இருக்கும் இரும்பும் தீர்ந்துபோகும். மெட்ஃபார்மின் தொடர்பவர்கள், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை விட முடியாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பி12 பார்க்கலாம். ஊசியில் இருப்பவர்களுக்கு ரத்தத்தில் 1500, 2000 என்று வருவது சாதாரணம். அதைப் பார்த்து நிறுத்த வேண்டாம். அதிகமானது சிறுநீரில் போய்விடும், முகப்பரு போன்ற சிறு தொல்லை சிலருக்கு வரும், அவ்வளவுதான். ஆனால் மாத்திரையோ ஊசியோ எதுவும் எடுக்காதவருக்கு அளவு மிக அதிகமாக வந்தால் அது வேறு செய்தி. கல்லீரல் நோயிலும் சில ரத்த நோய்களிலும் அப்படி ஏறும் என்பதால் அந்த அறிக்கையோடு மருத்துவரைப் பாருங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் தங்களுக்குக் குறைபாடு இருப்பதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மயக்கத்துக்குப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு, உடலில் உள்ள பி12-ஐச் செயலிழக்க வைக்கும். சேமிப்பு ஏற்கெனவே குறைந்தவருக்கு அதன் பிறகு சில வாரங்களில் கால் மரப்பும் தடுமாற்றமும் வரலாம். முன்பே தெரிந்தால் வேறு மருந்தைப் பயன்படுத்துவார்கள்.